தங்கம் உண்டு என்று நான் அடித்த மனு

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. அதைக்கூட ஊர் கட்டவில்லை, தங்கம் எடுக்க வந்த கம்பெனி விட்டுவிட்டுப் போனது. என் அப்பன் பிறப்பதற்கு முன்னால் வந்த கம்பெனி அது. சில வருஷம் மலையடிவாரம் பூராவும் தோண்டிப் பார்த்தார்கள். கல்லை இடித்து மாவாக்கி அலசினார்கள். அகப்பட்டது செலவுக்குக் காணவில்லை. ஒரு நாள் இயந்திரத்தைக் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கூலிகளை ஏற்றவில்லை. அந்தக் கூலிகளின் பிள்ளைகளும் பேரன்களும்தான் நாங்கள். எலப்புள்ளிக்குக் கிழக்கே, கோயமுத்தூர் ஜில்லா எல்லையை ஒட்டி, புறம்போக்கில் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். இன்றைக்கும் அதற்கு லைன் என்றுதான் பேர். தோட்டம் வைத்திருக்கிறவர்கள் இருப்பது மேலத்தெரு. அவர்களை நாங்கள் பண்ணாடி என்று கூப்பிடுவோம்.

லைனுக்கென்று கம்பெனி வெட்டிய கிணறு ஒன்று இருந்தது. அந்த வருஷம் ஆடியில் அதற்கு அடியில் இருந்த பழைய சுரங்கம் உள்வாங்கிவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. காலையில் வாளியை இறக்கினால், தண்ணீர் வடிந்து ஓட்டை விழுந்த தரையில் போய் இடித்தது. மேலத்தெருவில் நான்கு கிணறு உண்டு, ஆனால் எங்கள் ஆட்கள் அதில் கயிறு போடக்கூடாது. குடத்தை வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டும், யாராவது இறைத்து ஊற்றுவார்கள். இரண்டு வருஷமாக மழையும் இல்லாததால் ஊற்றுகிறவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மிச்சமிருந்தது பெரியகுழி. கம்பெனி தோண்டியதிலேயே ஆழமானது, பாதிக்குத் தண்ணீர் நிற்கும். பச்சையாக இருக்கும், துருப்பிடித்த ஆணியை வாயில் போட்ட மாதிரி இருக்கும். அதைத்தான் குடித்தோம்.

என் அக்காவின் மூத்த பெண்ணுக்கு மூன்று வயசு. புரட்டாசியில் வயிற்றோட்டம் வந்தது, ஐந்து நாளில் போய்விட்டாள். அடுத்தது கைக்குழந்தை.

தை மாசம் ஒரு கங்காணி வந்தான். சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமாம். அதற்கு முந்தின வருஷம் எங்கள் லைனிலிருந்து மலைக்குப் போன குடும்பங்களில் ஒருத்தரும் திரும்பவில்லை. ஒரு குடும்பத்தின் தகரப்பெட்டி மட்டும் யார் கையிலோ வந்து சேர்ந்தது. அது தெரிந்தும் அக்கா கங்காணியை உட்காரவைத்துப் பேசினாள்.

நான் சத்தம் போட்டேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "சித்திரைக்குள்ள லைனுக்குக் கெணறு வந்தா இருக்கறோம். வல்லீன்னா மலைக்குப் போறோம். அந்தப் பச்சத் தண்ணியக் குடுத்து இவளையும் நான் கொல்ல மாட்டேன். அவ்வளவுதான்."

அப்போது நான் இன்டர்மீடியட் முடித்திருந்தேன். அப்பன் பாலக்காட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற பியூனாக இருந்து செத்தவர், அந்தத் தயவில் படித்தது. ஒரு டைப்ரைட்டிங் வகுப்பிலும் சேர்ந்திருந்தேன். என் விரல் வேகத்தைப் பார்க்க மற்ற பையன்கள் மிஷினை நிறுத்திவிட்டு வருவார்கள். ஒரு பெட்டிஷன் அடித்தால் கிணறு வந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பஞ்சாயத்து தீர்மானம் போட்டால்தான் பெட்டிஷன் மேலே போகும். வருஷத்துக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான் மேலிடத்தில் உதவி கேட்கலாம். கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். ஏழு மெம்பர். ஆறு பேர் மேலத்தெரு, உள்ளே பெஞ்சில். ஏழாவது சர்க்கார் நியமித்த லைன் மெம்பர், என் மச்சான், அக்காவின் புருஷன். பாறை உடைக்கிறவர். அவர் ஜன்னலுக்கு வெளியே நிற்பார், அங்கிருந்தே பேசுவார். அப்படித்தான் வழக்கம். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

பிரசிடெண்ட் பண்ணாடி ஆரம்பித்தார். "குழியச் சுத்தி வேலி போடோணும். மாடு உழுந்து சாவுது. இந்த வருசம் வேலிதான்."

மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங் பண்ணாடி, மாடு உழுந்தா ஒரே நாள்ல போயிருது. நாங்க கொஞ்சங் கொஞ்சமாப் போயிட்டிருக்கறமுங்க. கெணறு கேளுங்க."

"உள்ள இருக்கறவனே இன்னும் வாயத் தொறக்கல, அதுக்குள்ள சன்னலு பேசுது பாரு!" என்றார் பிரசிடெண்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். "சன்னலுக்கும் ஒரு ஓட்டு இருக்குதுங்களே" என்றார்.

பெஞ்சில் இருந்த ஒருத்தரின் கறவைமாடு பெரியகுழித் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிறு ஊதிச் செத்திருந்தது. அந்தக் கோபத்தில் அவர் கிணற்றுக்குக் கை தூக்கினார். அவரோடு சம்பந்தம் செய்திருந்த இரண்டு பேரும் தூக்கினார்கள். மூன்றுக்கு மூன்று. மச்சான் கம்பிக்கு நடுவே கையை முழங்கை வரைக்கும் உள்ளே நுழைத்துத் தூக்கினார்.

"செரி, செரி, கைய எடு, சன்னலப் பேத்துறாத" என்றார் பிரசிடெண்ட். தீர்மானம் ஆனது. லைனுக்குப் புதுக் கிணறு. இடத்தை மச்சான் அன்றைக்கே காட்டினார், வரிசை வீடுகளுக்குப் பின்னால், அத்தனை வெயிலிலும் ஆவாரஞ்செடி பச்சையாக நின்ற இடம்.

நான் பாலக்காட்டுக்கு நடந்தே போனேன். மிஷின் முன்னால் உட்கார்ந்து குடிதண்ணீர் இல்லை, குழந்தைகள் சாகின்றன என்று ஒரு பக்கம் அடித்தேன். அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே சப்பென்று இருந்தது. மழை இல்லாத வருஷத்தில் தண்ணீர் இல்லை என்று எத்தனை ஊர் எழுதியிருக்கும்? இதை எவன் படிப்பான்? காலேஜில் பேச்சுப் போட்டிக்கு நின்ற மூளை அல்லவா, அது வேலை செய்தது. கொடுக்கிறவனுக்கு என்ன லாபம் என்று காட்ட வேண்டும். காகிதத்தை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மாதிரி அடித்தேன். இந்தக் கிராமத்து மண்ணில் இன்னும் ஏராளமாகத் தங்கம் உண்டு. சுரங்கம் மறுபடி திறக்கும் நாளில் பழகிய கூலியாட்கள் கையருகே வேண்டும். அவர்கள் தண்ணீர் இல்லாமல் ஓடிவிட்டால் நஷ்டம் சர்க்காருக்கு. ஆகவே ஒரு கிணறு. இங்கிலீஷில் அது கம்பீரமாக இருந்தது. பிரசிடெண்டிடம் கையெழுத்து வாங்கும்போது தமிழில் சொல்லிக் காட்டினேன். "சபாஷ்" என்று முதுகில் தட்டினார். அவர் என்னைத் தொட்டது அது ஒரு தடவைதான்.

பதினைந்தே நாளில் இடம் பார்க்க ஓவர்சியர் வந்துவிட்டார். இத்தனை சீக்கிரம் எந்த ஊருக்கும் வந்ததில்லை. நான் மச்சானைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய குழிகளின் ஓரத்தில் மஞ்சளாக மினுக்கும் கல் கிடைக்கும். மின்னுக்கல் என்போம். தங்கம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மேலத்தெரு, லைன் என்றில்லாமல் ஒவ்வொரு வீட்டிலும் விளக்குமாடத்தில் ஒன்று இருக்கும். சர்க்கார் ஆள் யார் வந்தாலும், அம்மை குத்த வந்தவனாக இருந்தாலும் சரி, அதை எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுவார்கள். "தங்கம் இன்னும் இருக்குதுங்க, தொரைகிட்டச் சொல்லுங்க" என்பார்கள். கம்பெனி திரும்பி வரும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

ஓவர்சியருக்கும் காட்டினார்கள். ஆவாரஞ்செடியைப் பார்க்க அவரை விடவே இல்லை. அவரைச் சுற்றிக் கும்பல், ஆளுக்கொரு கல். பிரசிடெண்ட் தன் கல்லைக் குங்குமப் பொட்டோடு கொண்டுவந்தார். என் அம்மாவும் எங்கள் வீட்டுக் கல்லைக் கொடுத்தாள். ஓவர்சியர் துண்டு நிறைய முடிந்துகொண்டார். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

மாசி நடுவில் அதிகாரி வந்தார். எங்கள் அம்சத்துக்கு, அதாவது எங்கள் கிராமத்துக்கு, வருவாயைப் பார்க்கிறவர், மலையாளி, நல்ல மனுஷன். கையில் ஒரு நீளக் கவர். லைன் ஆட்களைக் கொட்டகை முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு என்னைத் தேடினார்.

"உத்தரவு இங்கிலீஷில் ஆக்கும். நீயல்லே படிச்சவன்? வாயிச்சு தமிழில் சொல்லு."

கிணற்று உத்தரவு என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பிரித்தேன். மனுவில் கண்டபடி இந்தக் கிராமத்தில் தங்கம் இருப்பதாகத் தெரிகிறது. ஓவர்சியர் கொண்டுவந்த கற்களும் அப்படி நினைக்க இடம் தருகின்றன. எனவே நிபுணர் வந்து பார்வையிடும் வரை புறம்போக்கு நிலத்தில் யாரும் கிணறோ குழியோ எதுவும் தோண்டக்கூடாது, மீறினால் தண்டனை. நடுவில் என் வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். ஒரு கமா மாறவில்லை.

முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன்.

"என்ன மாப்ள எழுதீருக்குது?" என்றார் மச்சான்.

"தோண்டக்கூடாதுன்னு."

"எதய?"

"கெணத்த. மண்ணுல தங்கம் இருக்குதாம். ஆளு வந்து பாக்கற வரைக்கும் யாரும் மம்முட்டியே போடக்கூடாதாம்."

"தங்கமா? எந்தக் கிறுக்கனுங்க அப்பிடிச் சொன்னது?" மச்சான் அதிகாரியைக் கேட்டார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான்தான் என்று சொன்னேன். மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அக்காதான் கேட்டாள். "தண்ணியில்லைன்னு மட்டும் எழுதறதுக்கு ஒனக்கு என்னடா கேடு வந்துச்சு?"

அன்றைக்கே பாலக்காட்டுக்கு ஓடினேன். இன்னொரு மனு அடித்தேன், தங்கம் இல்லவே இல்லை, முதல் மனுவில் எழுதியது நான் புனைந்தது, ஊர் மன்னிப்புக் கேட்கிறது என்று. சுத்தமான இங்கிலீஷ். பிரசிடெண்ட் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. மறுபடி கூட்டம், மறுபடி ஜன்னல்.

பிரசிடெண்ட் காகிதத்தைத் தொடவே இல்லை. "ஏந்தம்பி, தங்கம் இல்லைன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"நான் சும்மா எழுதுனதுங்க அது. எனக்குத் தெரியாதுங்களா?"

"நீ சும்மாத்தான் எழுதுன. ஆனா சர்க்காரு கல்லப் பாத்துட்டில்ல எழுதீருக்குது? சர்க்காருக்கு ஒன்னயக் காட்டியுமா தெரியாது?"

"அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. நான் எழுதுனதத்தான் திருப்பி எழுதீருக்கறாங்க."

"அதெப்படி? சீலு வெச்சிருக்குது பாரு. கம்பெனி மறுக்கா வந்தா ஊரு எப்பிடி ஆவும்னு நெனச்சுப் பாத்தியா? இல்லீன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நாளைக்கு ஊரு என்ற மொகத்துல காறித் துப்பும்."

செத்த மாட்டுக்காரர்கூடத் தலையாட்டினார். அதைவிட மோசம், எங்கள் லைனிலேயே பாதிப் பேர் அவர் பக்கம். கம்பெனி வந்தால் நமக்கும் வேலை வருமே, எழுதினது எழுதினதாக இருக்கட்டும் என்றார்கள். பச்சைத் தண்ணீரைக் குடித்து வயிறு வீங்கிக் கிடந்தவர்கள் சொன்னார்கள். சர்க்காரை ஏய்க்கச் சொன்ன பொய்யை ஊரே நம்ப ஆரம்பித்துவிட்டது, அடித்தவன் பேச்சு எடுபடவில்லை. பிரசிடெண்ட் கையெழுத்து இல்லாமல் நானே கொண்டுபோய் நீட்டினேன். தாலுக்கா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வாங்கிப் பார்த்துவிட்டு, இது தனி ஆள் மனு, பஞ்சாயத்து மனுவுக்கு எதிராக எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பங்குனி பிறந்தது. பெரியகுழியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்க் குழம்பாக நின்றது. கங்காணி வாரத்துக்கு ஒரு தரம் வந்து லைன் முனையில் நின்று பீடி குடித்துவிட்டுப் போனான். அவசரப்படுத்தவில்லை, எங்கே போகப்போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு காலையில் மச்சான் கடப்பாரையை எடுத்தார். "தங்கம் கெடக்குதுன்னா அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நானு அதையத் தொடப் போறதில்ல. எனக்குத் தண்ணி வேணும்."

நான்கு பேர் சேர்ந்தோம். ஆவாரஞ்செடிகளை வெட்டி எறிந்துவிட்டுத் தோண்டினோம். எனக்கு அரை நாளில் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. "டைப்பு அடிக்கற கையி, பூப்போல வெச்சுக்கோ" என்று மச்சான் கேலி செய்தார். உத்தரவு வந்ததற்கப்புறம் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. மூன்று நாள் பாறையும் சரளையும். நான்காம் நாள் மத்தியானம், இரண்டு ஆள் ஆழத்தில், கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கியது. மச்சான் கீழேயிருந்து ஒரு கூடை மண் அனுப்பினார். கறுப்பு மண். பிசைந்தால் விரலிடுக்கில் ஒட்டியது, மழைக்கால வாசனை. அக்கா ஒரு பிடி எடுத்துக் குழந்தையின் உச்சந்தலையில் வைத்தாள். குழந்தை சில்லென்றதும் வீரிட்டது, எல்லோரும் சிரித்தோம். இன்னும் ஒரே நாள் என்றார் மச்சான். நாளைக்கு ஊற்று அடிக்கும்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அதிகாரி வந்துவிட்டார், தன் சேவகர்களான இரண்டு கோல்காரர்களோடு. யார் சொன்னார்கள் என்று இன்றைக்கு வரை தெரியாது. லைன் ஆளாகவே இருக்கலாம்.

குழியை எட்டிப் பார்த்தார். ஈர மண்ணையும் பார்த்தார். "எனிக்கு இதில் சந்தோஷமொந்நும் இல்லா, கேட்டோ. மூடணும். இப்போ மூடணும். அல்லெங்கில் நாலு பேரையும் கொண்டுபோகணும்."

நான் அவர் முன்னால் போய் நின்று கத்தினேன். சட்டம், நியாயம், குடிமக்கள் உரிமை என்று காலேஜில் படித்தது பூராவும் இங்கிலீஷில் வந்தது. அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கோல்காரன் ஒருத்தன் சிரித்தான். கத்தி முடித்த பிறகு தமிழில் ஒரு நாள் டைம் கேட்டேன், ஒரே நாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்று ஆட்டினார்.

மச்சான் மேலே ஏறி வந்தார். அவரைக் கொண்டுபோய்விட்டால் அக்காவும் குழந்தையும் என்ன ஆவது? கூடையை எடுத்து முதல் கூடை மண்ணை அவரே கொட்டினார். அப்புறம் நாங்களும் கொட்டினோம். நான்கு நாள் தோண்டியதை மூட ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. அக்கா கடைசி வரைக்கும் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள்.

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினார்கள். லைனில் பாதிக்கு மேல் கிளம்பியது. போடிநாயக்கனூர் வரைக்கும் ரயில், அங்கிருந்து மலை ஏற்றம், நடை. கங்காணி வரிசையாக நிறுத்தித் தலை எண்ணினான். தெற்கத்திக்காரன். குழந்தையைப் பார்த்ததும் நின்றான். "பிள்ளைக்குக் கம்பளி இருக்காம்மா? அங்கன குளுரு சும்மா இருக்காது, பாத்துக்கிடு."

"இல்லைங்ணா. சீலைல சுத்திக்கறேன்."

"என்னத்தச் சீலை! எந்தம்பி கம்பளி ஒண்ணு கெடக்கு, மேல போயித் தாரேன்."

நான் அக்காவின் சாக்கைப் பிடித்துக்கொண்டேன். "சித்திர முடியட்டும்க்கா. இன்னொரு காயிதம் போட்டிருக்கறேன். மதராசுக்கே போட்டிருக்கறேன்."

"போட்டுட்டே இருடா கண்ணு. பதிலு வரட்டும், நீயி இருந்து வாங்கு. இவளுக்கு இப்பத்தான தாகமெடுக்குது?"

மச்சான் என் தோளில் கை வைத்தார். "அம்மாவப் பாத்துக்க மாப்ள" என்றார். அதோடு நடந்தார்கள். என் அம்மா வரமாட்டேன் என்று முரண்டு பிடித்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள், வாசலுக்குக்கூட வரவில்லை.

ஆடியில் மழை கொட்டியது. அந்த மழையிலேயே கல் பார்க்கிற துரையும் வந்தார். பிரசிடெண்ட் குடை பிடிக்க, இரண்டு குழியைப் பார்த்தார், நான்கு கல்லைச் சுத்தியலால் தட்டினார். மூக்கில் வைத்து முகர்ந்துவிட்டுத் தோளுக்கு மேலே எறிந்தார். மொத்தம் ஒரு மணி நேரம்கூட இல்லை. தடை நீங்கியது. ஆவணியில் கிணற்றுக்கு அனுமதி வந்தது.

மறுபடி கூட்டம் போட்டார்கள். ஜன்னலில் இப்போது நான் மட்டும். பிரசிடெண்ட் என்னைப் பார்த்து இதமாகவே பேசினார். "லைன்ல இப்ப யாரு தம்பி இருக்கறா? ஏழெட்டுக் கெழடுக. அவிங்களுக்கு எதுக்குத் தனியாக் கெணறு? மேலத்தெரு முக்குல வெட்டிக்கலாம். ஒங்காளுகளுக்கு நாங்க ஊத்தாமயா போயிருவோம்? எடத்த மாத்தச் சொல்லி ஒரு காயிதம் அடிச்சுக் குடு. ஒன்னளவுக்கு எவன் அடிப்பான்?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கிணறு இல்லாமலே போகும், அனுமதி அடுத்த ஊருக்கு மாறிவிடும் என்றார் அதிகாரி. அம்மாவுக்கு அப்போதே கால் வீங்கத் தொடங்கியிருந்தது, பெரியகுழிப் படிக்கட்டில் இறங்க முடியவில்லை. பாலக்காட்டுக்குப் போய் அடித்தேன். இந்தத் தடவை இருக்கிறதை இருக்கிறபடி, நான்கே வரி.

கிணறு மேலத்தெருவில் வந்தது. நல்ல ஊற்று. ஐப்பசியில் அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது, தோட்டத்தில் யாரோ எழுதத் தெரிந்தவர் எழுதியது. இங்கே தண்ணீருக்குக் குறைவில்லை, குளிர்தான், பாப்பாவுக்கு நெஞ்சுச் சளி விடவே மாட்டேன் என்கிறது, மச்சானுக்கும் விட்டு விட்டுக் காய்ச்சல். கீழே அக்கா சொல்லச் சொல்ல எழுதியது போல அவள் பேச்சாகவே இரண்டு வரி: "லைனுக்குக் கெணறு வந்துருச்சா தம்பி? வந்துருந்தா எழுது, கங்காணி கால்ல உழுந்தாச்சும் வந்துர்றோம்."

போஸ்டாபீஸ் வாசலிலேயே ஒரு கார்டு வாங்கினேன். பென்சிலால், கையால்தான் எழுதினேன். அம்மா சௌக்கியம் என்று எழுதினேன். பாப்பாவுக்குத் துளசிச் சாறு கொடு என்று எழுதினேன். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, லைனுக்கு இன்னும் கிணறு வரவில்லை என்று எழுதிப் பெட்டியில் போட்டேன்.